குடிச்சப்பவே தேவலாம்

"குடிச்சப்பவே தேவலாம்டா" என்று அக்கா போனில் சொன்னபோது மாமா குடியை நிறுத்தி எழுபது நாள் ஆகியிருந்தது. எழுபது நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, அதில் சந்தேகமே வேண்டாம், அக்காவே தினமும் வாசலில் நிறுத்தி மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறாள். அப்புறம் என்ன குறை என்று கேட்டேன். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாராம். சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று காலண்டரில் எண்ணுகிறாராம். பத்து வருஷமாகப் பையன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்றே தெரியாத மனுஷன், இப்போது நோட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்து "கையெழுத்தா இது" என்று அடிக்கிறாராம். "குடிச்சா ஒம்பது மணிக்குச் சுருண்டுக்குவாரு, வீடு அமைதியா இருக்கும். இப்ப ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டைப் போட்டுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறாரு, யாரும் தூங்க முடியல."

மாமா டைலர். மதுரையில் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு இருபது வருஷம் தைத்தவர், கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது மிஷினோடு தானும் மாறினார். கடைசி சில வருஷங்களில் காலையில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கை ஆடும். நூல் முனையை எச்சில் தொட்டுத் திரித்து, ஊசிக் காதுக்கு நேரே கொண்டுபோவார், அது இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும், உள்ளே மட்டும் போகாது. ஒரு கட்டிங், அதாவது அரை குவார்ட்டர், உள்ளே இறங்கினால் கை நின்றுவிடும். நிற்பதற்காகவே காலைக் கட்டிங். டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு என்பதெல்லாம் அவருக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை.

அக்கா சொன்ன அதே வாக்கியத்தை அதற்கப்புறம் வேறு பல வீடுகளிலும் கேட்டுவிட்டேன், செல்லூரில் ஒரு தறிக்காரர் மனைவி, மேலூர் பக்கம் ஒரு அம்மா, எல்லாரும் கொஞ்சம் குற்ற உணர்வோடு குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், ஏதோ தப்பான ஆசைப்பட்டுவிட்ட மாதிரி. அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. பாட்டில் போனால் பழைய மனுஷன் திரும்பி வருவான் என்று காத்திருந்தார்கள். வந்து நிற்பவர் வேறு யாரோ. இவர் யார், இந்தக் குணங்கள் எங்கிருந்து வந்தன, இது இவர் பிறவிக் குணமா, குடி போட்டுவிட்டுப் போன வடுவா, தானாகப் போகுமா என்பதைத்தான் எனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன். என் கணிப்பை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: நிறுத்தியவரிடம் முதல் ஒரு வருஷம் பார்க்கிற குணத்தில் பெரும்பகுதி குடி விட்டுப்போனது. குடிக்கு முன்னாலிருந்தே இருந்தது கொஞ்சம் உண்டு, அந்தக் கொஞ்சம்தான் ஆபத்தானது.

உடம்பிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் குணம் என்று நாம் சொல்வதில் பாதி முதல் சில மாதங்களில் உடம்புதான். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதம் சாராயம் என்றால் அதில் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். மருத்துவர்கள் ஒரு அளவு என்று கணக்கு வைப்பது 10 கிராமை. ஆக ஒரு குவார்ட்டரில் ஆறு அளவு, மாமா மாதிரி தினம் இரண்டு என்றால் பன்னிரண்டு. மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, அது பிரேக். குளுட்டமேட் என்று இன்னொன்று, அது ஆக்ஸிலேட்டர். சாராயம் பிரேக்கை அழுத்துகிறது, அதனால்தான் முதல் ரவுண்டில் உடம்பு இளகுகிறது. தினமும் யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டி நின்றுவிடுமே என்று மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால் பிரேக் இல்லாத வண்டி முழு வேகத்தில் போகிறது. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு. சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, சுவரில் பூச்சி ஊர்வது என்று ஜன்னி கண்டு உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் நாள்பட்டுக் குடித்தவரை வீட்டில் அறையில் பூட்டி வைத்து நிறுத்த வைக்கும் வைத்தியத்தை யாரும் செய்யக்கூடாது, டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும், வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் "மறக்கடிக்கிற மாத்திரை"யைக் கலப்பதும் இதே ரகம்தான். டைசல்பிராம் என்கிற மருந்து அது, அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். குடிப்பவருக்குத் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்தை ரசத்தில் போடுகிற அக்காமார்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு வாரத்தில் நடுக்கம் அடங்கி "சரியாயிட்டாரு" என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். வீடு ஏமாறுவது இங்கேதான். மூளைக்குள் மன அழுத்தத்தைக் கவனிக்கிற பகுதி வருஷக்கணக்கில் சூடேறிக் கிடந்திருக்கிறது, அது ஒரு வாரத்தில் ஆறாது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளை முன்பகுதி, அதாவது "இருடா, யோசிச்சுச் சொல்லு" என்று நம்மை இழுத்துப் பிடிக்கிற பகுதி, சாராயத்தில் அடிபட்டுக் கிடக்கிறது. தேறும், ஆனால் மாதக்கணக்கில்தான் தேறும். தூக்கம் எல்லாவற்றையும் விட லேட்டாக வரும். எரிச்சல், சின்ன சத்தத்துக்குத் திடுக்கிடுவது, எதிலும் ருசி இல்லாமல் போவது, இதெல்லாம் பல மாதம் வந்து வந்து போகும். ஆக ராத்திரி இரண்டு மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு நடந்த மாமா வீட்டைச் சித்திரவதை செய்யவில்லை, அவருக்குத் தூங்கத் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக அவர் தூங்கவே இல்லை, மயங்கிக் கிடந்தார், இரண்டும் ஒன்றில்லை.

சரி, இது உடம்பு. "குடிகாரப் புத்தி" என்று ஊர் சொல்கிறதே, அப்படி ஒன்று உண்டா?

உண்டு என்று டாக்டர்களே நம்பிய காலம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்களைப் பட்டியலிட்டு 1952இல் போட்ட கையேட்டில் குடி அடிமைத்தனத்தைச் சமூகத்துக்கு ஒவ்வாத ஆளுமைக் கோளாறுகளோடு சேர்த்து வைத்தார்கள். 1968இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் ஆளுமைக் கோளாறு இருக்கிற அத்தியாயத்திலேயே இருந்தது. 1980இல்தான் அதைப் பிரித்துத் தனி நோயாக வைத்தார்கள். அதாவது நம் ஊர் டீக்கடையில் இன்றைக்கும் "அவன் புத்தியே அப்படி" என்று சொல்வது, அங்கே படித்தவர்கள் 1980 வரை சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

அந்த நம்பிக்கையை உடைத்ததில் பெரிய பங்கு ஜார்ஜ் வேலன்ட் என்கிற மனநல மருத்துவருக்கு. அதுவரை எல்லாரும் என்ன செய்தார்கள் என்றால், ஆஸ்பத்திரிக்கு வந்த குடிநோயாளிகளை உட்கார வைத்துக் குணத்தை அளந்தார்கள். சுயநலம், பிறரைச் சார்ந்திருத்தல், பொய், சுய இரக்கம் எல்லாம் அதிகமாக இருந்தது, அப்படியென்றால் இந்தக் குணம் உள்ளவர்தான் குடிக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். வேலன்ட் கையில் வேறு மாதிரி தகவல் இருந்தது. ஹார்வர்டில் படித்த 268 மாணவர்கள், பாஸ்டன் நகரத்து ஏழை வீட்டுப் பையன்கள் 456 பேர், இவர்களைக் குடி நோயாவதற்கு முன்பே, இளவயதிலேயே அளந்து வைத்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்திருந்தார்கள். 1983இல் அவர் வெளியிட்ட முடிவு, பின்னாளில் குடிநோயாளி ஆனவர்களிடம் அதற்கு முன்னால் தனியாக ஒரு "குடிகார ஆளுமை" இருந்ததாகத் தெரியவில்லை என்பது. வீட்டில் மற்றவர்களுக்குக் குடிநோய் இருந்ததும், வளர்ந்த சமூகத்தில் எப்படிக் குடிப்பார்கள் என்பதும், பள்ளிக்கூட வயதில் செய்த சேட்டைகளும்தான் முன்கூட்டியே ஓரளவு காட்டின. சுய இரக்கமும் சார்ந்திருத்தலும் பெரும்பாலும் குடித்த பிறகு வந்தவை.

வைகையில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு கரையோர வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்தே சேற்றில்தான் இருந்திருக்கிறார் என்று யாராவது எழுதினால் சிரிப்போம் இல்லையா, ஐம்பது வருஷம் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனாலும் எல்லாம் வெள்ளம் கொண்டுவந்ததுதான் என்று சொல்லிவிட முடியாது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் குடி அடிமைத்தனத்தில் ஏறக்குறைய பாதி, பரம்பரையாக வருகிறது என்று தெரிகிறது. பரம்பரையில் வருவது பாட்டில் இல்லை, சாராயத்தை உடம்பு எடுத்துக்கொள்கிற விதமும் மனசின் அமைப்பும்தான் வருகின்றன. ராபர்ட் குளோனிங்கர் என்கிற மனநல மருத்துவர் 1980களில் குடிநோயாளிகளில் இரண்டு வகை சொன்னார். ஒருவர் பயந்த சுபாவம், மற்றவர் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்படுகிறவர், இருபத்தைந்து வயது தாண்டி, வாழ்க்கை நெருக்கும்போது மெல்ல உள்ளே போகிறார், குடித்ததற்கு வெட்கப்படுகிறார். இன்னொருவர் இளவயதிலேயே ஆரம்பிக்கிறார், புதுசு புதுசாக ஏதாவது வேண்டும், எதற்கும் அஞ்சமாட்டார், அடிதடி கூடவே வரும், அப்பாவும் அப்படியே இருந்திருப்பார். பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டு டப்பாவுக்குள் எல்லாரும் அடங்குவதில்லை என்று காட்டிவிட்டார்கள், அது உண்மைதான், என் மாமா முதல் வகையில் முக்கால், இரண்டாவதில் கால். இருந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் யோசித்துப் பார்க்க இது ஒரு நல்ல கேள்வி: இவர் பயத்தை அமுக்கக் குடித்தாரா, பரபரப்பைத் தேடிக் குடித்தாரா? நிறுத்திய பிறகு முதலாமவரிடம் அந்தப் பயம் அப்படியே வெளியே வரும், இரண்டாமவரிடம் அந்தச் சலிப்பு.

குணத்தை ஐந்து பெரிய அளவுகோலாகப் பிரித்து அளக்கிற முறை ஒன்று உளவியலில் இப்போது பரவலாக இருக்கிறது. அப்படி நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007இல் வந்த தொகுப்பாய்வில், குடியோடு சேர்ந்து வருவது மூன்று: எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிக்கிற குணம் குறைவு, அடுத்தவரோடு இணங்கிப் போவது குறைவு, மனம் சட்டென்று கலங்குவது அதிகம். இதில் எது முன்னால் எது பின்னால் என்று அந்தக் கணக்கு மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இனி நான் அதிகம் பேச விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். மாலை.

கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம், 48 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலர் 41. மதுரையில் எந்தத் தெருவிலும் நாலு பேராவது இருப்பார்கள், வருஷம் முழுக்கத் தினமும் குடித்துவிட்டு, கறுப்பு வேட்டி கட்டிய நாளிலிருந்து தொடவே மாட்டார்கள். மாமாவே ஆறு தடவை போட்டிருக்கிறார். ஆறு தடவையும் மலையிலிருந்து இறங்கி, மாலையைக் கழற்றி, ஊர் வந்து சேர்வதற்குள்ளேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார். இதைப் பார்த்து வீட்டில் என்ன சொல்வார்கள்? "நெனச்சா நிறுத்த முடியுதுல்ல, கொழுப்பு." எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது.

வேலன்ட் இன்னொன்றும் கவனித்தார். குடியை விட்டு நீண்ட நாள் தாக்குப்பிடித்தவர்கள் வாழ்க்கையில் நான்கு விஷயங்கள் அடிக்கடி தென்பட்டன. குடித்தால் உடனே தெரிந்துவிடும், கண்டிக்க ஆள் இருக்கும் என்கிற கண்காணிப்பு. குடிக்குப் பதிலாகப் பிடித்துக்கொள்ள வேறு ஒரு பழக்கம். பழைய கடன், பழைய சண்டை இல்லாத புது உறவுகள். தன்மேல் மதிப்பையும் நம்பிக்கையையும் கூட்டுகிற ஒரு குழு அல்லது பக்தி. இப்போது மாலையைப் பாருங்கள். கறுப்பு வேட்டியோடு ஒயின்ஷாப் வாசலில் நின்றால் தெருவே பார்க்கும், இது கண்காணிப்பு. விடிகாலைக் குளியல், பூஜை, பஜனை, இது மாற்றுப் பழக்கம். குருசாமியும் கூடப் போகிற சாமிகளும் புது உறவு, அதுவும் நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவர்கள் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். பக்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான்கும் ஒரே நாளில் கழுத்தில் விழுகிறது. நாற்பத்தெட்டாவது நாள் நான்கும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. மாமா ஆறு தடவை தோற்றது மன உறுதி இல்லாமல் இல்லை. அவரைத் தாங்கியிருந்தது அவருடைய உறுதியே கிடையாது, அந்த ஏற்பாடு. ஏற்பாட்டுக்குக் கடைசித் தேதி இருந்தது.

இனிக் குடிக்கமாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டுவதிலும் இதேதான். கட்டியவர்கள் எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள், நான் கிண்டல் செய்யவில்லை. கயிறு அறுந்த அன்றைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தராததுதான் குறை.

1935இல் அமெரிக்காவில் அக்ரன் நகரத்தில் ஒரு பங்குச்சந்தை ஆளும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், சேர்ந்து ஆரம்பித்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற குழு, நம் ஆட்கள் ஏ.ஏ. என்பார்கள், கடைசித் தேதி இல்லாத மாலை மாதிரி ஒன்று என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். "என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று இருபது வருஷம் தொடாதவரும் எழுந்து சொல்வார். அங்கே போகிறவர்கள்தான் இந்தக் குணங்களைப் பற்றி எந்தப் பேராசிரியரையும் விடத் தெளிவாகப் பேசுவார்கள், ஏனென்றால் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள். குடியை மட்டும் நிறுத்திவிட்டுக் குணத்தில் கை வைக்காதவரை "காய்ந்த குடிகாரன்" என்கிற அர்த்தத்தில் ஒரு சொல்லால் குறிப்பிடுவார்கள். சரக்கு இல்லை, மற்றதெல்லாம் அப்படியே.

அந்த "மற்றது" என்னென்ன? முதலில் அந்த "நான்". நாற்பது நாள் குடிக்காமல் இருந்ததற்கு ஊரே மாலை போட வேண்டும் என்கிற எதிர்பார்ப்பு. மாமா ஒரு நாள் சாப்பாட்டில் கை வைத்தபடி கேட்டாராம், "நாப்பது நாளாச்சு, இந்த வீட்ல ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது, அவள் பதினைந்து வருஷமாக ஒரு நாளும் குடிக்கவில்லை, அவளை யார் கேட்டார்கள்? ஹாரி டீபோ என்கிற மனநல மருத்துவர், ஏ.ஏ.யை ஆரம்பத்திலிருந்தே கவனித்தவர், இதை ஒரு கைக்குழந்தையின் "நான்" என்றார். கேட்டது உடனே கிடைக்க வேண்டும், குறுக்கே யாரும் வரக்கூடாது, உலகமே தன்னைச் சுற்ற வேண்டும். வளர்ந்த மனுஷனுக்குள் இது குடியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது, குடி போனால் இது தனியாக உட்கார்ந்திருக்கும். இதற்கு நேரெதிராக அதே ஆள் ராத்திரியில் "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்று அழுவார். இரண்டும் நடிப்பு இல்லை. நடுவில் நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பொய். இது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. குடி நின்று மூன்று மாதம் கழித்தும் மாமா பொய் சொன்னார், அதுவும் சொல்ல எந்தத் தேவையும் இல்லாத பொய். ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டு பஸ்ஸில் வந்தேன் என்பார். டீ குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்பார். அக்கா பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள், டீயை மறைப்பவர் வேறு எதை மறைக்கிறாரோ என்று. பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் அவரிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியும் போலீஸ் ஸ்டேஷன் விசாரணை. எங்க போனீங்க, யார்கூட, பணம் எங்க. கேள்வி காதில் விழுந்ததும் உண்மையைத் தேடாமல், அடி விழாத பதிலைத் தேடுகிற பழக்கம் நாக்கில் ஏறிவிட்டது. நாக்கு இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கிறது. இது மற்ற பலதையும் விட மெதுவாகத்தான் போகும், ஒவ்வொரு சின்னப் பொய்யையும் அக்கா குடித்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் இன்னும் மெதுவாகப் போகும்.

சந்தேகம் வேறு விஷயம். மனைவி மேல் ஆதாரமே இல்லாமல் சந்தேகப்படுவது நாள்பட்ட குடியில் நன்றாகவே தெரிந்த ஒரு கோளாறு. நிறுத்தியதும் பலருக்கு வடிந்துவிடுகிறது. வடியாமல் போனை எடுத்துப் பார்ப்பது, பின்னாலேயே வருவது, கை ஓங்குவது என்று போனால் அதை "குணம்" என்று பொறுத்துக்கொள்ளவே கூடாது, உடனே மனநல டாக்டரிடம் போக வேண்டும். இதில் நான் யாருக்கும் பொறுமை சொல்லமாட்டேன்.

காத்திருக்க முடியாமை இன்னொன்று. இப்போது ஐந்நூறு வேண்டுமா, மூன்று மாதம் கழித்து ஆயிரம் வேண்டுமா என்று கேட்டால், குடிக்கு அடிமையானவர்கள் மற்றவர்களை விட அதிகமாக இப்போதைய ஐந்நூறையே எடுக்கிறார்கள், பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. நிறுத்திய பிறகும் இது மிஞ்சி நிற்கும். மாமா இரண்டாம் மாதம் தவணையில் பெரிய டிவி வாங்கினார், மூன்றாம் மாதம் தனிக் கடை போடப்போகிறேன் என்று அட்வான்ஸ் கொடுக்க அலைந்தார். நிறுத்திய ஆரம்பத்தில் சிலருக்கு ஒரு மிதப்பு வரும், உலகமே கைக்குள் வந்துவிட்ட மாதிரி, "இனி எனக்குக் கூட்டமெல்லாம் வேண்டாம், எனக்கே தெரியும்" என்பார்கள். சரக்கு இல்லாத மப்பு அது. எரிச்சலாவது கண்ணுக்குத் தெரியும், இதை வீட்டில் எல்லாரும் சந்தோஷம் என்று நினைத்துவிடுவார்கள். ஜிகர்தண்டாவும் ஜாங்கிரியுமாக இனிப்பு மேல் திடீர் ஆசை வருவதும் இந்தக் காலத்தில்தான், அது போகட்டும், சர்க்கரை நோய் இல்லை என்றால் விட்டுவிடலாம்.

இன்னொரு குணத்தை நம் ஊரில் யாரும் குணமாகவே எண்ணுவதில்லை. மனசுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் இருப்பது. பீட்டர் சிஃப்னியோஸ் என்பவர் 1973இல் இதற்கு கிரேக்கத்திலிருந்து ஒரு பெயர் வைத்தார், உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று பொருள். குடிநோயாளிகளில் இது மற்றவர்களை விட நிறையப் பேரிடம் இருக்கிறது. நம் ஆண்களிடம் இதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது, "ஒரு மாதிரியா இருக்கு." பயம் வந்தாலும் ஒரு மாதிரியா இருக்கு, பசித்தாலும் ஒரு மாதிரியா இருக்கு, அப்பா செத்த நாள் வந்தாலும் ஒரு மாதிரியா இருக்கு. எல்லா "ஒரு மாதிரி"க்கும் இதுவரை ஒரே மருந்து, ஒரு குவார்ட்டர். ஏ.ஏ.க்காரர்கள் புதிதாக வருபவரிடம் நான்கே கேள்வி கேட்கச் சொல்வார்கள்: பசிக்குதா, கோபமா, தனியா இருக்கியா, அசதியா? கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு முதல் முறையாக இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பதினைந்து வருஷமாகப் பணம், பிள்ளை, கல்யாணம் காட்சி, வீட்டு வாடகை எல்லாம் அக்கா பார்த்தாள், அவள் பார்க்காவிட்டால் அந்தக் குடும்பம் இல்லை. இப்போது திடீரென்று ஒருவர் தெளிந்து எழுந்து வந்து "நான்தான் இந்த வீட்டு ஆம்பளை" என்று சாவியைக் கேட்கிறார். அவள் தரமாட்டாள், தரவும் கூடாது, அவ்வளவு சீக்கிரம். வாசலில் மோந்து பார்ப்பது அவருக்கு அவமானம், அவளுக்கு அது இல்லாமல் அடுப்பு பற்றவைக்கக் கை வராது. இருவரும் சொல்வது சரி. இந்த இடத்தில் தீர்ப்பு சொல்ல வருகிற சொந்தக்காரர்கள்தான் காரியத்தைக் கெடுப்பார்கள், நானும் இரண்டு தடவை கெடுத்திருக்கிறேன்.

பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். 2019இல் வெளியான மத்திய அரசுக் கணக்கெடுப்பில் 10 முதல் 75 வயதுக்குள் குடிப்பவர்கள் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். சதவீதம் சின்னது என்பதாலேயே அவர்கள் வெளியே வருவதில்லை. ஆண் நிறுத்தினால் "திருந்திட்டான்" என்பார்கள், பெண் நிறுத்தினால் குடித்தாள் என்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரியும். அதே கணக்கெடுப்பு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றும் சொன்னது.

குணம் மாறுமா என்றால், மாறும். 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, சிகிச்சை எடுத்தவர்களின் குணம் எவ்வளவு மாறியது என்று 207 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனக்கலக்கம்தான் அதிகம் மாறியது, அதுவும் சில மாதங்களுக்குள். ஆனால் பதற்ற நோய்க்காரர்கள் அதிகம் மாறினார்கள், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் மற்ற எல்லாரையும் விடக் குறைவாக மாறினார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சோர்வாக இருந்தது. அப்புறம் மாலையை நினைத்துப் பார்த்தேன். குணம் மாறும் வரை காத்திருந்தால் இவர்கள் திரும்பக் குடித்துவிடுவார்கள், குணம் மாறாமல் இருக்கும்போதே தாங்கிப் பிடிக்கிற ஏற்பாடு வேண்டும், அதற்குள் குணம் தன் பாட்டுக்கு நகரும். ஏ.ஏ.யை ஆரம்பித்த பில் வில்சனே 1934 டிசம்பரில் நிறுத்தியவர், அதற்கப்புறம் வருஷக்கணக்கில் மன அழுத்தத்தில் கிடந்தார், 1958இல்தான் குடி தெளிந்தால் போதாது, உணர்ச்சியும் தெளிய வேண்டும் என்கிற அர்த்தத்தில் எழுதினார். சிகரெட்டை அவர் ரொம்ப நாள் விடவே இல்லை, 1971இல் நுரையீரல் கெட்டுத்தான் இறந்தார். மாமாவுக்கு பீடி. டாக்டர் அதையும் சொன்னார், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று விட்டிருக்கிறார்.

மாமா நடுவில் ஒரு தடவை வழுக்கினார். அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு, கூட்டத்தில் பழைய சேக்காளிகளோடு. இரண்டு நாள் குடித்தார், மூன்றாம் நாள் தானே ஆஸ்பத்திரிக்குப் போனார், முன்பெல்லாம் அது ஆறு மாதம் போகும்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். தீபாவளித் துணி கடையில் குவிந்து கிடக்கிறது, ராத்திரி பத்தரைக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். மோந்து பார்த்தாளாம், ஒன்றுமில்லை. என்ன செய்யுது என்று கேட்டிருக்கிறாள், வழக்கமான பதில் வரும் என்று நினைத்துக்கொண்டே.

"பயமா இருக்கு" என்றாராம்.

எதுக்கு என்று கேட்டாளாம். போன தீபாவளிக்கு முந்தின வாரம் அட்வான்ஸ் வாங்கின பணத்தை எல்லாம் குடித்துவிட்டு முப்பது பேருக்குத் துணி தராமல் ஓடி ஒளிந்தது ஞாபகம் வந்துவிட்டதாம். இந்தத் தடவை எத்தனை பாக்கி என்று கேட்டிருக்கிறாள், பதினொன்று என்றிருக்கிறார், உடனே இருவரும் உட்கார்ந்து பட்டன் தைத்திருக்கிறார்கள், மணி ஒன்றரை வரை. "ஊசியில நூலைக் கோர்த்துக் கோர்த்து அவருதான்டா எனக்குக் குடுத்தாரு" என்றாள் அக்கா, "எனக்குக் கண்ணு தெரியல."